ஆபீஸ் பிளாஸ்டிக்கை எடைக்குப் போடுவது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் பெருங்குடிப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். காற்று திசை மாறினால் போதும், குப்பைமேட்டின் வாடை ஏசியையும் தாண்டி உள்ளே வந்துவிடும். 2022 ஏப்ரல் கடைசியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது எங்கள் ஆபீசில் ஜன்னல் பக்கமே போக முடியவில்லை. காலையில் குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டிலும், மதியம் சாப்பிட்டுவிட்டுப் போட்ட பார்சல் டப்பாவும் அங்கேதானே போகின்றன என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் மாடியில் தொடங்கியது.

அட்மின் வேலை என்னுடையது என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். மூன்று நிறத்தில் தொட்டி வாங்கினேன், ஸ்டிக்கர் ஒட்டினேன், எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தாமதமாகக் கிளம்பும்போது பார்த்தால், மூன்று தொட்டியும் ஒரே கறுப்புப் பைக்குள் கவிழ்ந்துகொண்டிருந்தன. ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். "எல்லாத் தொட்டியிலயும் சாம்பார்தான் சார் ஊத்தி வெச்சிருக்காங்க. இதைப் பிரிச்சு வெச்சா யார் வாங்குவா?" என்றார்.

யார் வாங்குவார்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு தொட்டிகூட வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வாங்குபவரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கி உங்கள் மேஜை வரை வர வேண்டும். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

படி 1: ஒரு நாள் குப்பையைக் கொட்டிப் பாருங்கள்

பண்டிகை, டீம் லஞ்ச் எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய குப்பை முழுவதையும் கீழே அனுப்பாமல் வைத்திருந்து, மறுநாள் காலை மொட்டை மாடியிலோ பார்க்கிங்கிலோ ஒரு தார்ப்பாய் விரித்துக் கொட்டுங்கள். தடிமனான ரப்பர் கையுறை, முகக்கவசம், கொக்கி மாட்டித் தொங்கவிடும் ஒரு சின்னத் தராசு, ஒரு நோட்டு இருந்தால் போதும். உங்களோடு ஹவுஸ்கீப்பிங் அக்காக்களில் ஒருவரும், நிர்வாகத்தில் முடிவெடுக்கும் ஒருவரும் இருக்க வேண்டும். முடிவெடுப்பவர் கட்டாயம் வரட்டும். அந்தக் குவியலை நேரில் பார்த்தவரிடம் பிறகு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

பொருள் பொருளாகப் பிரித்து எடை போடுங்கள். "பிளாஸ்டிக்" என்று ஒரே வரியில் எழுதினால் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில், கறுப்பு பார்சல் டப்பா, வெள்ளை மூடி, சட்னி சாம்பார் கவர், பால் பாக்கெட், பேப்பர் கப், சிப்ஸ் பாக்கெட், கூரியர் கவர், பபிள் ராப், கேன் மூடியின் சீல், ஸ்பூன் என்று தனித்தனியாக எழுதுங்கள். எடையோடு எண்ணிக்கையும் வேண்டும். சட்னி கவர் எடையில் ஒன்றுமே இருக்காது, எண்ணிப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும்.

படி 2: குவியலைத் தூக்கிக்கொண்டு காயலான் கடைக்குப் போங்கள்

பெரும்பாலான அலுவலகங்கள் தாண்டிப் போய்விடும் படி இது. ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று மாதிரிகளை ஒரு சாக்கில் போட்டு, அருகில் உள்ள பழைய பேப்பர் கடைக்கோ காயலான் கடைக்கோ நேரில் போங்கள். கூட்டமில்லாத மதிய நேரம் நல்லது. நான் போன கடையில் உரிமையாளர் திருநெல்வேலிக்காரர். அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கசக்கி, தட்டி, அதன் சத்தத்தைக் கேட்டே வகை சொன்னார். அரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது.

அவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் வாங்குவீர்கள்? எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி அனுப்புவீர்கள்? நீங்கள் யாரிடம் விற்கிறீர்கள்? நான்காவது கேள்விக்குச் சிலர் முழுப் பதில் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் தொழில் ரகசியம். ஆனாலும் கேளுங்கள். எரிப்பவரிடம் போகிறதா, உருக்கிச் செய்பவரிடம் போகிறதா என்பதாவது தெரிய வேண்டும்.

அவர் சொல்வது புரிய, பிளாஸ்டிக்கின் வகைகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பாட்டில், டப்பா அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்கிறது. முக்கோணம் இருப்பதாலேயே அது மறுசுழற்சிக்குப் போகும் என்று அர்த்தமில்லை.

1 என்றால் பெட். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். ஆபீஸ் குப்பையில் எளிதாக விற்பது இதுதான். இதைத் துண்டுதுண்டாக வெட்டி, வெந்நீரில் கழுவி, உருக்கி, நூலாக இழுக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல ஜாக்கெட் இப்படிப் பாட்டிலில் பிறந்த துணிதான், அந்தத் துணி நம் கரூரிலிருந்து போனது. 2 என்பது எச்.டி.பி.இ. பாட்டில் மூடிகள் பல, ஹேண்ட்வாஷ், பினாயில் கேன்கள். 4 என்பது எல்.டி.பி.இ. பால் பாக்கெட், பபிள் ராப், மெல்லிய பேக்கிங் தாள்கள் இந்த வகை. 5 என்பது பி.பி. பார்சல் டப்பாக்கள் பெரும்பாலும் இதுதான். இவை எல்லாமே சுத்தமாக இருந்தால் விலை போகும். கறுப்பு டப்பாவுக்கு விலை குறைவு. கறுப்பை வேறு நிறமாக மாற்ற முடியாது, மறுபடி கறுப்புப் பொருள்தான் செய்ய முடியும்.

3 என்பது பி.வி.சி. இதை மட்டும் பெட்டோடு கலக்கவே கூடாது. பெட் உருகுவதற்கு 250 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கி, மொத்தச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும். சில பாட்டில்களின் மேல் சுருங்கி இறுக்கமாக ஒட்டியிருக்கும் உறை பி.வி.சி.யாக இருக்கலாம், அதை உரித்துவிடுங்கள். 6 என்பது பாலிஸ்டைரீன், அதன் நுரை வடிவம் தெர்மாகோல். தெர்மாகோலில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான். ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் சில கிலோதான் தேறும் என்பதால் கடைக்காரர் தொடமாட்டார். 7 என்பது மற்றவை எல்லாம்.

எண் அழிந்துபோன டப்பா என்றால் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். எச்.டி.பி.இ., எல்.டி.பி.இ., பி.பி. மூன்றும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பெட், பி.வி.சி., நுரையாக இல்லாத பாலிஸ்டைரீன் மூழ்கும். மறுசுழற்சிப் பட்டறைகளிலும் கழுவும் தொட்டியில் பாட்டில் துண்டும் மூடித் துண்டும் இப்படித்தான் பிரிகின்றன. தீயில் கொளுத்தி வாசனை பார்த்து வகை சொல்பவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், அந்தப் புகை விஷம்.

"மக்கும் பிளாஸ்டிக்" என்று அச்சிட்ட தெளிவான கப்புகள் இப்போது நிறைய வருகின்றன. பார்க்கப் பெட் மாதிரியே இருக்கும், ஆனால் அதோடு கலந்தால் சரக்கைக் கெடுக்கும். தொட்டிச் செடி மண்ணில் புதைத்தாலும் சீக்கிரம் மக்காது. பெரிய உரக் கூடங்களின் சூடும் ஈரமும் அதற்கு வேண்டும். அப்படி ஒரு கூடத்தோடு உங்களுக்குத் தொடர்பு இல்லையென்றால் அதை வாங்காமல் இருப்பதே சரி.

படி 3: அண்ணாச்சி வாங்காததை வாசலிலேயே நிறுத்துங்கள்

கடையிலிருந்து திரும்பும்போது உங்கள் கையில் இரண்டு பட்டியல் இருக்கும். வாங்குவார், வாங்க மாட்டார். இரண்டாவது பட்டியல்தான் உங்கள் உண்மையான வேலை. அதில் உள்ள ஒவ்வொன்றும் ஆபீசுக்குள் எப்படி வருகிறது என்று பாருங்கள். முக்கால்வாசியை நீங்களே காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள்.

முதலில் பேப்பர் கப். பெயரில் பேப்பர் இருந்தாலும் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதனால் பழைய பேப்பரோடும் சேராது, பிளாஸ்டிக்கோடும் சேராது. காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் சொன்னது இன்னும் கவலை தருவது: சூடான 100 மில்லி பானம் பேப்பர் கப்பில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் அடங்கும். தெர்மாகோல் கப், தட்டு, ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், கேரி பேக், துணி போலவே இருக்கும் நான்-வோவன் பை எல்லாம் அதே பட்டியலில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. அதில் பிளாஸ்டிக் ஸ்பூன், ஃபோர்க், காபி கலக்கும் குச்சி, ஸ்வீட் பாக்ஸைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் எல்லாம் வரும். தீபாவளிக்கு மொத்தமாக ஸ்வீட் ஆர்டர் செய்யும்போது அந்தத் தாள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கப்பை நிறுத்தும்போது செய்யும் தவறு ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரு மக் கொடுத்துவிட்டு, யார் கழுவுவது என்று யோசிக்காமல் விட்டுவிடுவது. ஒரு வாரத்தில் சிங்க் நிறைய எச்சில் மக் குவிந்து, மறுபடி பேப்பர் கப் வந்துவிடும். அவரவர் கப்பை அவரவர் கழுவ சிங்க் பக்கத்தில் சோப்பும் நாரும் உலர்த்தும் தாங்கியும் வையுங்கள். விருந்தினருக்கும் மீட்டிங்குக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு டஜன் தனியாக இருக்கட்டும், அவற்றைக் கழுவும் நேரம் பேண்ட்ரி பணியாளரின் வேலை நேரத்துக்குள்ளேயே அடங்க வேண்டும்.

மீட்டிங் அறையில் அரை லிட்டர் பாட்டில் அடுக்குவதை நிறுத்தி ஜக்கும் டம்ளரும் வைக்கலாம். 20 லிட்டர் கேனைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்வதால் அது பிரச்சினை இல்லை. மூடியையும் சீலையும் மட்டும் சேர்த்து வையுங்கள். கம்ப்யூட்டர், மானிட்டர் வாங்கும்போது தெர்மாகோலை இறக்கிய கையோடு திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி சேருங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மறுப்பார்கள். கேட்காமல் யாரும் எடுத்துப் போகப் போவதில்லை.

மதியச் சாப்பாடுதான் கஷ்டமான இடம். ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஸ்பூன், டிஷ்யூ வேண்டாம் என்ற தேர்வை அழுத்தச் சொல்லலாம். அதைவிடப் பலன் தந்தது வேறு ஒன்று. பக்கத்து மெஸ்ஸில் பேசி, முப்பது பேர் சாப்பாட்டைக் கேரியரில் கொண்டுவரச் சொன்னோம். சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் தூக்கில் வந்து, கேரியர் மாலையில் திரும்பிப் போனது. மெஸ்காரருக்கு டப்பா செலவு மிச்சம், எங்களுக்கு விலையில் கொஞ்சம் குறைவு.

படி 4: இப்போது தொட்டி வாங்குங்கள்

முதலில் மேஜைக்கு அடியில் உள்ள சின்னக் கூடைகளை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்தக் கூடைக்குள்தான் வாழைப்பழத் தோலும் பாட்டிலும் காபி மிச்சமும் ஒன்றாகச் சேர்கின்றன. மாடிக்கு ஒரே இடம், அதுவும் சிங்க் பக்கத்தில்.

அங்கே ஐந்து வைக்க வேண்டும். மிச்சத் திரவத்தை ஊற்ற மூடியுள்ள ஒரு வாளி. உணவுக் கழிவுக்கு ஒரு தொட்டி. பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் ஒரு சாக்கு. பால் பாக்கெட், பபிள் ராப் போன்ற மெல்லிய கவர்களுக்கு ஒரு சாக்கு. டிஷ்யூ, எண்ணெய்ப் பிசுக்கான தாள், சிப்ஸ் பாக்கெட் போன்றவற்றுக்கு ஒரு தொட்டி. சாக்கு என்று சொன்னது வேண்டுமென்றேதான். உலர்ந்ததுதான் உள்ளே போக வேண்டும் என்பதைச் சாக்கே சொல்லிவிடும், கறுப்பு பிளாஸ்டிக் பையும் தேவைப்படாது.

மேலே எழுத்தை ஒட்டாதீர்கள், பொருளையே ஒட்டுங்கள். பாட்டில் சாக்குக்கு மேல் சுவரில் ஒரு பாட்டிலும் ஒரு டப்பாவும், கவர் சாக்குக்கு மேல் ஒரு பால் பாக்கெட்டும். கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு நிற்பவர் சுவரைப் பார்த்ததும் தெரிந்துகொள்வார். தமிழ் படிப்பவர், இந்தி மட்டும் தெரிந்தவர், யாராக இருந்தாலும் புரியும்.

படி 5: அலசு, கவிழ், உலர்த்து

அண்ணாச்சி ஒரு டப்பாவைக் காட்டிச் சொன்னார்: "குழம்பு ஒட்டினத நான் வாங்கி என்ன பண்ண? எலியும் எறும்பும்லா வரும். கடைசியில குப்பையிலதான் போடணும்." மறுசுழற்சி அறுந்துபோகும் இடம் இதுதான். பளபளவென்று தேய்க்க வேண்டியதில்லை. கை கழுவும்போது வழியும் தண்ணீரிலேயே ஓர் அலசு அலசி, கவிழ்த்து வைத்தால் போதும். மஞ்சள் கறை இருந்தால் பரவாயில்லை, பருக்கையும் எண்ணெயும் இருக்கக் கூடாது. நல்ல தண்ணீரைத் தனியாகத் திறந்துவிட்டு வீணாக்க வேண்டாம்.

பால் பாக்கெட்டுக்கு ஒரு குறிப்பு. முனையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். ஒரு பக்கம் ஒட்டியபடி விட்டு வெட்டுங்கள். துண்டாகிவிட்ட முனை எந்தச் சாக்கிலும் தங்காமல் சாக்கடைக்குத்தான் போகும். வெட்டிய பாக்கெட்டை விரித்து அலசி, சிங்க் மேல் ஒரு கொடி கட்டி கிளிப்பில் தொங்கவிடலாம். பாட்டிலைக் காலி செய்து நசுக்கி மூடியைத் திருகி வைத்தால் இடம் மிச்சமாகும். மூடி தனியாக வேண்டும் என்று உங்கள் கடைக்காரர் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

சட்னி கவரை அலச யாரும் முன்வர மாட்டார்கள். எங்களிடமும் இது நடக்கவே இல்லை. அதனால்தான் படி 3இல் கேரியரைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

படி 6: பிரிக்கும் கைகளை முதலில் கேளுங்கள்

எந்தத் திட்டமும் கடைசியில் இரண்டு அக்காக்களின் கைகளில் வந்து நிற்கிறது. அவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் நிறுவனத்தின் ஆட்கள், உங்கள் மெயில் அவர்களுக்குப் போகாது. திட்டம் எழுதும்போதே கூட உட்கார வையுங்கள். எந்த நேரத்தில் சாக்கு நிறைகிறது, எங்கே கட்டி வைத்தால் நாய் கிழிக்காது, எந்த லிஃப்டில் இறக்க விடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நல்ல கையுறை, சோப்பு, உட்கார்ந்து பிரிக்க நிழலான இடம், அதற்கென வேலை நேரத்திலேயே தினம் இருபது நிமிடம் கொடுங்கள். சானிட்டரி நாப்கின், உடைந்த கண்ணாடி போன்றவை பேப்பரில் சுற்றித் தனியாகப் போக வேண்டும் என்பதை எல்லாருக்கும் சொல்லுங்கள். எடைக்குப் போட்டு வரும் பணம் முழுவதும் அவர்களுக்கே என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். கம்பெனி கணக்கில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. அவர்களுக்கு அது மாதம் ஒரு முறை கையில் வரும் காசு. எங்கள் ஆபீசில் சாக்குகள் கலக்காமல் நின்றதற்கு என் ஸ்டிக்கர்களைவிட இந்த ஒரு முடிவுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

படி 7: எடை, நோட்டு, வண்டி

கடைக்காரர் கேட்ட அளவு சேர்ந்ததும் போன் செய்யுங்கள். உங்கள் தராசில் ஒரு முறை, அவர் தராசில் ஒரு முறை போட்டு, தேதி, வகை, கிலோ, தொகை நான்கையும் நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். விலை அடிக்கடி ஏறி இறங்கும். கச்சா எண்ணெய் விலை விழுந்து புது பிளாஸ்டிக் மலிவாகும்போது பழையதற்கும் மதிப்பு குறையும். அப்போது ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், இரண்டு கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும். உங்கள் வளாகம் முழுவதும் சேர்ந்து நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால் சட்டப்படி நீங்கள் பெருமளவு கழிவு உருவாக்குபவர். பிரித்துக் கொடுப்பது அப்போது விருப்பம் சார்ந்தது இல்லை, கடமை. இந்த நோட்டு அங்கேயும் உதவும்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை போன்றவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். பிரிக்க முடியாததால் கடைக்காரர் வாங்க மாட்டார். உலர்ந்த குப்பையை வகை பிரிக்கும் மாநகராட்சியின் வள மீட்பு மையத்துக்கு உலர் கழிவாகக் கொடுக்கலாம். அங்கிருந்து இப்படிப்பட்டவை அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகின்றன. தார்ச் சாலைக்கும் போகலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. சூடாக்கிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், அதற்கு மேல் தார் நன்றாகப் பிடிக்கும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பி.வி.சி.யை மட்டும் அதிலும் சேர்க்கக் கூடாது. இவை குப்பைமேட்டைவிட மேலானவைதான். ஆனால் சிமெண்ட் சூளைக்குப் போனதை மறுசுழற்சிக் கணக்கில் எழுதாதீர்கள், எரித்தது என்றே எழுதுங்கள்.

படி 8: மூன்று மாதம் கழித்து மறுபடி மாடிக்கு

புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே ஐடி கார்டோடு ஒரு மக் கொடுத்து, சிங்க் பக்கத்துச் சாக்குகளைக் காட்டுங்கள். கலந்த சாக்கு கண்ணில் பட்டால் யார் போட்டது என்று தேடாதீர்கள். பெயர் சொல்லி அவமானப்படுத்தினால் அடுத்த நாள் பாட்டில் கழிவறைத் தொட்டிக்குள் போகும். படம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டு, இது ஏன் விற்காது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்று மாதம் ஆனதும் அதே தார்ப்பாய், அதே தராசு, அதே கிழமை. பழைய நோட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடை போடுங்கள். எங்கள் இரண்டாவது குவியலில் பேப்பர் கப் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது, தண்ணீர் பாட்டில் குறைந்திருந்தது. கூரியர் கவர் மட்டும் கூடியிருந்தது. ஆபீஸ் முகவரிக்கு வீட்டுச் சாமான் வரவழைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அந்தக் கவர்களில் நான்கைந்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு மறுபடி அண்ணாச்சி கடைக்குப் போனேன். மேலே ஒட்டிய பேப்பர் லேபிளையும் டேப்பையும் வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் சிங்க் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலை நூலில் கட்டித் தொங்கவிட்டோம்.